தெளிவிலா உய்த்தறிதலில் ஒப்புமை அளவை: தேர்வின் அடிப்படை குறித்து

ஃபஸி தருக்கம் என வழங்கும் தெளிவிலாத் தருக்கத்தின்வழி உய்த்தறிதல் அமைப்புகளை வடிவமைக்கும் ஆய்வுகள் பலவற்றில், ஒப்புமை அளவை ஒரு வாய்பாடாக மட்டுமே இடம்பெறுகிறது. அந்த வாய்பாட்டை ஏன் தேர்ந்தனர் என்பது கூறப்படுவதில்லை. அமைப்பின் முடிவையே மாற்றவல்ல தேர்வு இது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும்.

அறையின் வெப்பநிலையைக் குறிக்கும் இரு முக்கோணக் கணங்களைக் கொள்வோம். ‘மிதம்’ என்பது 20 முதல் 30 பாகை வரை பரவி 25இல் உச்சம் பெறுகிறது. ‘சற்றே வெப்பம்’ 22 முதல் 32 வரை பரவி 27இல் உச்சம் பெறுகிறது. இவற்றின் வெட்டின் பரப்பு 3.2; சேர்ப்பின் பரப்பு 6.8. ஜக்கார்டு அளவையின்படி ஒப்புமை 0.47. வெட்டின் உயரத்தையே ஒப்புமையாகக் கொள்ளும் அளவையின்படியோ அது 0.8. இணைப்பிற்கான வரம்பு மதிப்பை 0.6 என வைத்தால், முதல் அளவை இவ்விரு கணங்களையும் தனித்தனியே விட்டுவைக்கும், இரண்டாவது ஒன்றாக்கிவிடும். ஒரு விதி விசிறியை மெதுவாகவும் மற்றொன்று விரைவாகவும் சுழற்றச் சொல்லியிருந்தால், இணைப்பிற்குப் பின் ஒரே முற்கூறுக்கு இரு முரணான பிற்கூறுகள் எஞ்சும்.

செட்னஸ், பபுஷ்கா முதலியோர் 1998இல் விதித்தொகுப்பை எளிமையாக்க ஒப்புமை அளவையைப் பயன்படுத்தியபோது, அளவைக்குரிய தகுதிகளை முதலில் வரையறுத்தனர். ஒன்றன்மீதொன்று படியாத கணங்களின் ஒப்புமை சுழியாதல் வேண்டும். அலகு மாறினும் மதிப்பு மாறலாகாது என்பன அவற்றுள் அடங்கும். ஜக்கார்டு அளவை இவற்றை நிறைவு செய்கிறது. காரணம் காட்டித் தேர்ந்த இம்முறை பாராட்டத்தக்கது. பின்வந்தோர் பலர் வாய்பாட்டை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டனர்.

அத்தகுதிகள் எளிமையாக்கல் என்னும் பணிக்கு உரியவை. விதிகளுக்கிடையே இடைவெளியுள்ள தொகுப்பில் அவையே தடையாகின்றன. மேற்கண்ட ‘மிதம்’ என்னும் கணத்திற்கு, 35இல் தொடங்கும் கணமும் 65இல் தொடங்கும் கணமும் ஒருபடித்தாய்ச் சுழி ஒப்புமையே உடையன. எது அருகில், எது தொலைவில் என்பதை அளவை அறியாது. கோட்சியும் ஹிரோட்டாவும் 1993 அளவில் முன்வைத்த விதி இடைச்செருகல் முறை ஆல்ஃபா வெட்டுகளுக்கிடையிலான தொலைவை நாடியது இதனால்தான். அம்முறை தொலைவுகளின் விகிதத்தைக் கொள்வதால் அலகுச் சிக்கலும் எழுவதில்லை. (சில வேளைகளில் பெறப்படும் முடிவு முறையான தெளிவிலாக் கணமாக அமைவதில்லை என்பது அதன் அறியப்பட்ட குறை.) மாறாக, தொலைவுடன் ஒன்றைக் கூட்டித் தலைகீழாக்கும் எளிய அளவையில், உச்சங்களுக்கிடையிலான 2 செல்சியஸ் பாகை 0.33 தரும், அதே இடைவெளி ஃபாரன்ஹீட்டில் 3.6 ஆகி 0.22 தரும். வெப்பநிலை மாறவில்லை, ஒப்புமை மாறிவிட்டது.

துர்க்ஷென், ஜோங் இருவரும் 1988இல் வகுத்த ஒப்புமைவழி உய்த்தறிதலில் வரம்பு மதிப்பைக் கடந்த விதியே இயங்கும். அங்கு அளவையும் வரம்பும் பிரிக்கவொண்ணாதவை. 0.6 என்னும் எண் ஓர் அளவையில் கடுமையானது, மற்றொன்றில் தளர்வானது. ஸ்விக் முதலியோர் 1987இல் 19 அளவைகளை மனிதர்தம் ஒப்புமைத் தீர்ப்புகளுடன் வைத்துச் சோதித்தனர். வல்லுநரின் சொற்களை விதிகளாக்கும் அமைப்புகளுக்கு அத்தகைய சோதனை இன்றியமையாதது. வரம்பு 0.5 ஆயின் எத்தனை விதிகள் எஞ்சும், 0.7 ஆயின் வெளியீட்டுப் பிழை எவ்வளவு மாறும் என்பவற்றையேனும் வடிவமைப்பாளர் அட்டவணையிட்டுக் காட்டுதல் வேண்டும்.