சிவப்பு விளக்கும் சிப்பந்தியின் முகமும்

கடை என்பது பண்டமும் பணமும் கைமாறும் இடம் மாத்திரமன்று. மனிதர் ஒருவரையொருவர் மதிக்கின்றனரா, ஐயுறுகின்றனரா என்பது நாள்தோறும் வெளிப்படும் சமுதாயக் களமுமாகும். ஆகவே கடைச் சிப்பந்திகள் வாடிக்கையாளரை நடத்தும் முறையைத் தனிமனிதரின் குணநலன் பற்றிய விடயமாகக் கொண்டு அமைந்துவிடாது, அம்முறையைத் தோற்றுவிக்கும் பொருளியல் உறவுகளோடு சேர்த்து ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்தின் பெரும் பல்பொருள் அங்காடிகளிலே பரவியுள்ள சுயசேவைக் கணக்கு இயந்திரங்களை முன்வைத்து இதனைச் சிறிது நோக்குவோம்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் லண்டனில் எமது பெரியம்மாவின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். ஒருநாள் அவருடன் கடைக்குச் சென்றோம். காசாளர் அமரும் மேசைகளில் ஒன்றே திறந்திருந்தது. அதன்முன் நீண்ட வரிசை. மறுபுறம் எட்டு இயந்திரங்கள். பெரியம்மா பாலையும் பாணையும் வெங்காயத்தையும் ஒவ்வொன்றாக இயந்திரத்தின் கண்ணாடிக்குக் காட்டித் தமது துணிப்பையில் இட்டார். அப்பையின் பாரத்தை இயந்திரம் ஏற்கவில்லை. திரை அசைவற்று நின்றது. தலைக்குமேலே சிவப்பு விளக்கு எரிந்தது. இளம் சிப்பந்தி ஒருவர் விரைந்து வந்து, பெரியம்மாவின் முகத்தைப் பாராமலே பைக்குள் எட்டிப் பார்த்தார். பொருள்களை வெளியே எடுத்து எண்ணினார். தம்மிடமிருந்த அட்டையை இயந்திரத்திற் காட்டிவிட்டு வேறொரு விளக்கை நோக்கி நடந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. வாயிற்கதவோ பற்றுச்சீட்டைக் காட்டினாலன்றித் திறவாது. வெளியே வந்ததும் பெரியம்மா, "நாப்பது வருஷமா இந்த ஊரில சாமான் வாங்கிறன். இண்டைக்குத்தான் என்னைக் கள்ளி மாதிரிப் பாத்தவை" என்றார்.

அன்றிரவு இதனை அவருடைய பேரனிடம் கூறினோம். பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டே வேறொரு கடையில் மாலை வேளைகளில் இதே வேலையைச் செய்பவன் அவன். "எட்டு மெஷினையும் ஒராள்தான் பாக்க வேணும், மாமா. ஒரு சாமான் குறைஞ்சாலும் எங்களைத்தான் கேப்பினம். ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது? சிவப்பு லைற்றைத்தான் பாக்கிறம்" என்றான்.

பெரியம்மாவின் மனக்குறை நியாயமானது. பேரனின் விடையும் நியாயமானதே. இருவரும் ஒருவரையொருவர் குறைகூறும் நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. நூறாண்டுகளுக்கு முன்னர் வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதைச் சொல்வார். சிப்பந்தி அதனை எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னுங் கடையைத் திறந்து, வாடிக்கையாளரே கூடையுடன் உள்ளே சென்று பொருளைத் தெரிந்தெடுக்கும் முறையைப் புகுத்தினார். 1974இல் ஒகையோ மாநிலத்துக் கடையொன்றில் பார்கோட்டினை ஒளிக்கருவி முதன்முறையாக வாசித்தது. அதன்பின் விலைகளை நினைவில் வைத்திருக்குங் காசாளரின் தேர்ச்சி மதிப்பிழந்தது. 1986இல் அற்லாண்ராவுக்கு அண்மையிலுள்ள குரோகர் கடையொன்றில், டேவிட் ஹம்பிள் என்பவர் உருவாக்கிய சுயசேவைக் கணக்கு இயந்திரம் வைக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் கூலிபெற்ற உழைப்பின் ஒரு பகுதி, கூலிபெறாத வாடிக்கையாளரின் தலைக்கு மாற்றப்பட்டது.

முதற்படியினால் வாடிக்கையாளருக்கு நன்மை இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. பொருளைத் தொட்டுப் பார்க்கவும் ஒப்பிட்டுத் தெரியவும் அவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால், இறுதிப்படியிலே நிகழ்ந்தது வேறு. வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைத்த நிர்வாகம், அவரிடம் நம்பிக்கையை ஒப்படைக்கவில்லை. இவ்வியந்திரங்கள் கடைகளின் இழப்பைக் கூட்டுகின்றன என்பதை லெஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பெக் போன்றோரின் ஆய்வுகள் சுட்டின. இழப்புக்குப் பரிகாரமாக மனிதரை மீண்டும் மேசையில் அமர்த்தாத நிர்வாகங்கள், கமராவையும் தராசையும் வாயிற்கதவையும் பெருக்கின. இவையெல்லாம் எழுப்பும் ஐயத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு, எஞ்சியுள்ள அந்த ஒரேயொரு சிப்பந்தியின் மீது விழுந்தது.

அவருடைய வேலையின் உள்முரண்பாட்டை நோக்குக. இயந்திரம் அறியாதவருக்கு அவர் ஆசிரியராதல் வேண்டும். மது வாங்குபவர் பதினெட்டு வயது நிரம்பியவரா என்று பார்க்கும் சட்டக் காவலராதல் வேண்டும். இருபத்தைந்துக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அத்தாட்சி கேட்பது அங்குப் பெருவழக்கு. களவைத் தடுக்குங் காவலாளியாகவும் இருத்தல் வேண்டும். இவ்வளவுக்கும் முகத்தில் புன்னகை குறையலாகாது. உதவுவதற்கென வருபவரும் சோதிப்பதற்கென வருபவரும் ஒருவரேயாயின், வாடிக்கையாளர் அவருடைய உதவியையும் சோதனையாகவே கொள்வர். அவமதிக்கப்பட்டதாக உணர்பவரின் கோபம் நிர்வாகத்தின் கதவைத் தட்டுவதில்லை. அருகில் நிற்பவர் மீதே பாய்கின்றது.

அக்கோபத்தின் விளைவு சிறிதன்று. பிரித்தானியச் சில்லறை வணிகச் சம்மேளனத்தின் கணக்கின்படி, 2024 ஓகஸ்ட் வரையான ஓராண்டில் கடைத் தொழிலாளர் மீதான வன்முறையும் வசையும் நாளொன்றுக்கு 2,000 நிகழ்வுகளைத் தாண்டின. இவையனைத்துக்கும் இயந்திரமே காரணமென்பது எமது வாதமன்று. ஆயினும் வயதத்தாட்சி கேட்பதும் களவை மறிப்பதும் தொழிலாளரை ஆபத்துக்குள்ளாக்குவன என்பது வெளிப்படை. சில்லறை வணிகத் தொழிலாளரைத் தாக்குவதையும் அச்சுறுத்துவதையும் தனிக்குற்றமாக்கி ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2021இல் சட்டமியற்றியபோது, வயதுச் சோதனை வேளையில் நிகழ்வதைக் கடுங்குற்றமாகக் கொண்டமை கருதத்தக்கது.

இங்கு இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் வந்துவிடலாகாது. பழைய கடை அன்பின் உறைவிடமாக இருந்தது என்று ஏங்குவது ஒன்று. மேசைக்குப் பின்னே நின்ற மனிதர் எல்லாரையும் மனிதராக நடத்தினாரென்று யாழ்ப்பாணத்தவராகிய நாம் எவ்வாறு கூறமுடியும்? ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தேநீர்க்கடைக்குள் அமரவிடாது, வேறு பாத்திரத்திலே தேநீர் கொடுத்தவரும் மனிதர்தாமே! அவ்வழக்கத்தை உடைக்க, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. ஆங்கிலம் சரளமாகப் பேசவராத குடியேறியவர் ஒருவருக்கு, இகழ்ச்சியாக உதட்டைச் சுழிக்காத இயந்திரம் ஆறுதலாகவும் இருக்கக்கூடும்.

சிப்பந்தியும் சுரண்டப்படுபவரே என்று கூறி அவர் செய்வதனைத்தையும் மன்னித்துவிடுவது மற்றொரு தவறு. நிறத்தையும் உடையையும் பார்த்துச் சிலரது பையை மட்டும் கிளறுபவர், நிர்வாகத்தின் ஐயத்தோடு தமது சொந்தத் துவேஷத்தையும் சேர்த்துக்கொள்கின்றார். அதனைக் கண்டிக்கத் தயங்கும் முற்போக்குவாதம் முற்போக்குவாதமாகாது. நேரமில்லாமையால் முகம் பாராதிருப்பது வேறு. முகத்தைப் பார்த்தபின் அவமதிப்பது வேறு. முன்னதற்கு வேலை நிலைமையை மாற்றவேண்டும்; பின்னதற்கு மனிதரையும் திருத்தவேண்டும்.

மாற்றம் இயலாததன்று. வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023 நவம்பரில் இரண்டு கிளைகள் தவிர்ந்த ஏனையவற்றிலிருந்து இவ்வியந்திரங்களை அகற்ற முடிவுசெய்தது. வாடிக்கையாளர் அவற்றை விரும்பவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். நெதர்லாந்தில் ஜம்போ நிறுவனம் 2019இல், தனிமையில் வாடுவோர் காசாளருடன் ஆறுதலாக உரையாடுவதற்கெனத் தனி மேசையொன்றை ஏற்படுத்தியது. நல்ல முயற்சிதான். ஆனால், மனிதப் பேச்சுக்கென ஒரு தனி மேசை ஒதுக்கவேண்டிய நிலை வந்ததென்றால், ஏனைய மேசைகளில் என்ன எஞ்சியிருக்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். லாபங் கருதி ஒரு நிர்வாகம் தந்ததை, லாபங் கருதி மற்றொரு நாள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். தொழிற்சங்கத்தின் பலத்தினாற் பெற்ற ஆளணியும் ஓய்வுநேரமும் அத்துணை எளிதிற் பறிபோகா.

எமது இளைஞர் பலர் இன்று அந்நாடுகளின் கடைகளிலே உழைக்கின்றனர். புலம்பெயர்ந்தோர் வாழ்வை எழுதுவோர் பனியையும் பிரிவையும் பாடியதோடு நில்லாது, எட்டு விளக்குகளுக்கிடையே ஓடும் இந்த மனிதரையும் எழுதுதல் வேண்டும். எழுதும்போது அவரைக் கொடியவராகவோ தியாகியாகவோ ஆக்காது, அவ்வாறு ஓடவைத்த அமைப்போடு சேர்த்துக் காட்டுவதே யதார்த்த இலக்கியமாகும்.

நாம் நாடு திரும்புவதற்கு முதல்நாள் பெரியம்மா மீண்டும் அக்கடைக்குச் சென்றார். நீண்ட வரிசையில் இருபது நிமிடம் நின்று, காசாளரிடமே பணங் கொடுத்தார். வரும் வழியில் இயந்திரங்களருகே அதே இளம் சிப்பந்தியைக் கண்டு, "சாப்பிட்டீரோ?" என்று ஆங்கிலத்தில் வினவினார். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் விளக்கு எரிந்தது. விடை கூறாமலே ஓடினார். அவ்விடையைக் கூறுவதற்கு வேண்டிய நேரம் அவருக்குக் கிடைக்கும்வரை, மரியாதை பற்றி நாம் பேசுவதெல்லாம் அரைகுறைப் பேச்சேயாகும்.