நாடாவும் மூலக்கூறும்

புரத மூலக்கூற்றின் மடிப்பை நாடாவாக வரைந்து காட்டும் முறையை 1981 இல் ஜேன் றிச்சட்சன் அம்மையார் நிலைநாட்டினார். 1990களில் றொஜர் செயில் ஆக்கிய றாஸ்மொல் என்னும் கணினி நிரல், அந்நாடாவைச் சாதாரண கணினித் திரையிலும் சுழலச் செய்தது. ஆயிரக்கணக்கான அணுக்களின் நெரிசலிடையே சுருளும் தாளும் தெளிவுறப் புலனாதல் இதன் பெரும்பயன்.

எனினும் நாடா மூலமன்று. மூலத்திற்கு எழுந்த உரையாகும். நாடாக்களிடையே வெற்றிடம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே அணுக்கள் செறிந்துள்ளன. எக்ஸ் கதிர் ஆய்விற் தெளிவுறாத பகுதியோ திரையில் இடம்பெறாமலே போகலாம். அங்கு யாதுமில்லையென மாணவன் மயங்குவான். உரை நயமுடைத்தெனின் மூலத்தைக் கைவிடலாகுமோ? அதே மூலக்கூற்றை நாடாவாகவும் கோளத்திரளாகவும் மாற்றி மாற்றி நோக்குவோனுக்கே இந்நிரல் கல்விக் கருவியாகும். ஏனையோர்க்கு அது வெறுங் காட்சியே.