வாடிவாசலில் காரியின் நிலை: சி.சு. செல்லப்பாவின் குறுநாவலும் விலங்குகள் பற்றிய சட்டமும்

திறவுச்சொற்கள்: வாடிவாசல், சி.சு. செல்லப்பா, ஏறுதழுவுதல், உடைமை, விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ரெட்டியார்சத்திரம்

முன்னுரை

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, அவர் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இன்று நடைமுறையிலுள்ள விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 1960இல், இயற்றப்பட்டது. ஒன்று மற்றொன்றை அறிந்து எழுந்ததன்று. ஆயினும் 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் உச்சநீதிமன்றத்தின் முன் நின்ற வினாவை, அதாவது காளை தன்னளவில் யார், அதன் உயிரின்மீது எவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை, அக்குறுநாவல் தன் இறுதிப் பக்கங்களில் முன்னரே எழுப்பிவிட்டது. அவ்வினாவைக் காரியின் பக்கம் நின்று படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறியீடாகச் சுருங்கிய காளை

ஒரு பிற்பகலுக்குள் நடந்து முடியும் கதை அது. தன் தந்தை அம்புலியின் சாவுக்குக் காரணமான காரியை அடக்கப் பிச்சி, மருதனுடன் செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான், அடக்கியும் விடுகிறான். தோற்ற காளையை அதன் உடைமையாளரான ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார்.

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிச்சியைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளது: தந்தையின் கடனைத் தீர்த்த மகன், ஜமீன் செருக்கை அசைத்த குடியானவன் என்று. இவ்வாசிப்பில் காரி ஜமீன்தாரின் மானத்தைச் சுமக்கும் குறியீடு மட்டுமே. இது பிழையான வாசிப்பன்று. ஆனால் ஜமீன்தாரும் காரியை இவ்வாறேதான் வாசிக்கிறார், அதனால்தான் சுடுகிறார். திறனாய்வாளரும் ஜமீன்தாரும் ஒரே இடத்தில் நின்று காளையைப் பார்ப்பது நமக்கு உறுத்த வேண்டும்.

செல்லப்பாவின் எழுத்து அவ்விடத்தில் முழுமையாக நிற்கவில்லை. காரிக்குப் பெயர் உண்டு, புகழ் உண்டு. மனிதர்களைப் போலவே அதற்கும் ரோசம் உண்டு. அதன் ஒவ்வோர் அசைவையும் ஒரு மாந்தரின் மனப்போக்கைப் பின்தொடர்வதுபோல் எழுத்து பின்தொடர்கிறது. ஆயினும் அது தெரிவதெல்லாம் வாடிவாசலிலும் அதன் சுற்றிலும் மட்டுமே. ஆண்டின் மற்ற நாள்களில் அதற்குத் தீவனம் வைத்த கைகள் கதையின் பார்வைக்குள் வருவதில்லை. ஒரே பிற்பகல் என்னும் வடிவம் தந்த இறுக்கத்துக்குக் கொடுத்த விலை இது. வீட்டுப் பெண்களின் கையில் வளரும் மாட்டை அறிந்த வாசகர் இக்குறையை உடனே உணர்வர்.

துப்பாக்கியும் சட்டமும்

ஜமீன்தார் செய்தது குற்றமா? கதை நிகழும் ஜமீன் காலத்தில் நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மாட்டைக் கொல்வதை 429ஆம் பிரிவில் வைத்தது. ஆனால் அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில் அமைந்த பிரிவு. பிறருக்கு இழப்பு உண்டாக்கும் எண்ணம் அதற்கு அடிப்படை. தன் காளையைத் தானே சுட்டவரை அது எளிதில் தீண்டாது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் முன்னேறியது; விலங்கின் நலத்தைப் பேணுவதை அதனை வைத்திருப்பவரின் கடமை என 3ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் 11ஆம் பிரிவின்படி முதன்முறைக் குற்றத்துக்கான தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரையே. கொல்வதும் தேவையற்ற கொடூர முறையில் நிகழ்ந்தால்தான் அப்பிரிவுக்குள் வரும். குறி தப்பாத துப்பாக்கிக்கு அச்சட்டத்திலும் இடம் இருந்தது.

2014 மே 7 அன்று வழங்கப்பட்ட நாகராஜா தீர்ப்பு இந்நிலையை மாற்ற முயன்றது. அரசமைப்பின் 21ஆம் பிரிவிலுள்ள ‘உயிர்’ என்னும் சொல்லின் பொருளை அது விலங்குகளை நோக்கி விரித்தது, ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் தமிழகமெங்கும் எழுந்த போராட்டத்தின் விளைவாகத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனைச் செல்லுமென ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு எனக் கொள்ள முன்தீர்ப்பு இல்லை என்றும் கூறியது. முன்னைத் தீர்ப்பு காளையின் வலியைக் கேட்டது. ஆனால் வளர்ப்பவரின் பண்பாட்டை அயலாரின் பார்வையில் மதிப்பிட்டது. பின்னது பண்பாட்டைச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டது. காளை தன் பெயரால் எதையும் கோர இயலாத நிலைக்குத் திரும்பியது. இரண்டில் எதுவும் நிறைவளிக்கவில்லை என்பதே நம் கருத்து.

திடலுக்கு வெளியே

இரு தரப்பின் கண்களும் வாடிவாசலிலேயே நிலைத்திருந்தன. மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதி, கால்நடை மருத்துவரின் பரிசோதனை என விதிகளும் களத்தையே காவல் காக்கின்றன. செல்லப்பாவின் காரியோ களத்தில் சாகவில்லை. ஆட்டம் முடிந்த பின், உடைமையாளரின் கையால் சாகிறது.

செல்லப்பா வளர்ந்த வத்தலக்குண்டுக்கு வடக்கே, திண்டுக்கல்–பழனி சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கால்நடைகள் நலமாயிருக்க உழவர்கள் வேண்டிக்கொள்ளும் கோபிநாதசுவாமி மலைக்கோயில் அங்கே உள்ளது. கமலை இறைத்த எருதின் வேலையை மின்மோட்டாரும், ஏரிழுத்ததன் வேலையை டிராக்டரும் எடுத்துக்கொண்டன. கலப்பினப் பசுவின் பாலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் கிடாரிக்கன்று வரவு, காளைக்கன்று செலவு. அது விரைவில் சந்தைக்குப் போகிறது. அக்கன்றுக்காக எந்த அமர்வும் கூடவில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் நாட்டினங்களின் பாதுகாப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. அந்நோக்கம் மெய்யானதே, களத்துக்கு விடும் வழக்கம் இருப்பதால்தான் சில வீடுகளில் காளைக்கன்று எஞ்சுகிறது. ஆனால் இனம் வாழ்வது வேறு, இந்தக் காளை வாழ்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும் வாதத்தைக் காரியின் முடிவு ஒத்துக்கொள்வதில்லை. இனத்தின் பெருமையாக வளர்க்கப்பட்ட காளைதான் அது. பெருமை போன அன்றே உயிரும் போயிற்று.

வெறிகொண்டு ஓடிய காளையால் மனிதருக்கு ஆபத்து என ஜமீன்தாருக்காக ஒரு நியாயம் சொல்லலாம். கதையில் அவரைத் துப்பாக்கியோடு நடத்திச் செல்வது அதுவன்று, மானமே. பிச்சியிடம் பெருந்தன்மை காட்ட முடிந்த அவருக்குக் காரியிடம் அது முடியவில்லை. பிச்சி அவருக்கு உடைமையில்லை. காரியைச் சுட அவருக்கு உரிமை உண்டா என்று கதைமாந்தர் ஒருவரும் கேட்பதில்லை. செல்லப்பாவும் அவர்கள் வாயில் அக்கேள்வியை வைக்கவில்லை.