கிளி யாருடையது?

மாசி வந்தால் மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் பெரியகாண்டியம்மனுக்கு வேடபரி. அண்ணன்மார் போரில் விழுந்ததை நடித்துக் காட்டும் படுகளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், அந்தக் கொங்குச் சகோதரர்களின் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவரை ஒரே குரலில் புகழ்வார்கள்: ஏடு பார்க்காமல் விடிய விடியப் பாடுகிறார், இதுவல்லவா மக்கள் காவியம்! குஸ்லே என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்துப் பாடும் செர்பியப் பாட்டை 2018-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் உடுக்கைக்கு எப்போது என்று கேட்பவர்களும் உண்டு.

புகழ் பொய்யில்லை. 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஆய்வாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தபோது, ராமசாமி என்ற பாடகர் 18 இரவுகளில் 38 மணி நேரம் கதையை நடத்திச் சென்றார். பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் அந்த நடையின் பிடி அசாதாரணமானது.

ஆனால் புகழ்கிறவர்கள் பாடகரின் நினைவாற்றலோடு நின்றுவிடுகிறார்கள். 1935-இல் அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி கண்ட குஸ்லே பாடகர் அவ்தோ மெஜெதோவிச், வேறொருவர் 2,294 அடிகளில் பாடிய கதையை ஒருமுறை கேட்டுவிட்டு 6,313 அடிகளில் பாடினார். இது ஒப்பித்தல் அல்ல, பாடும்போதே இயற்றுவது என்று பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் நிறுவினார். நம் ஆய்வாளர்களும் இதை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். சரி, இயற்றுகிறவர் ஆசிரியர்தானே? யார் பக்கம் நிற்கிறாய் என்று நாவலாசிரியரைக் குடையும் கேள்விகள் உடுக்கைக்காரரை மட்டும் ஏன் தொடுவதில்லை?

கிளிக் கட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். தங்கை ஆசைப்பட்டாள் என்பதற்காக அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குள் புகுந்து கிளியைப் பிடித்து வருகிறார்கள். பறிகொடுத்தவள் வேட்டுவ இளவரசி. பிறகு வேட்டுவரின் பன்றி கொம்பன் வந்து வயலை அழித்தால் அது அக்கிரமம். அண்ணன்மார் வாளெடுத்தால் அது தர்மம். குதிரையையும் போரையும் வேண்டிய மட்டும் நீட்டத் தெரிந்த பாடகர், காட்டுக்காரர்களின் வழக்கைச் சொல்ல எத்தனை நாழிகை ஒதுக்குகிறார்? கூலி தருகிறவர் பெரும்பாலும் அண்ணன்மாரை முன்னோராகக் கொண்டாடும் தோட்டத்துக்காரர். அவர் முன்னே உட்கார்ந்து அவருடைய முன்னோரின் கணக்கைத் தணிக்கை செய்வது லேசல்ல. கஷ்டம் புரிகிறது. அதற்காகத் தோட்டத்துக்காரரின் காவியத்துக்கு மக்கள் காவியம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. வேட்டுவரும் மக்கள்தான்; கொங்கில் இன்றும் வாழ்கிறார்கள்.

சாம்புகனைக் காட்டிப் பதில் சொல்வார்கள். பறையடிக்கும் அந்த ஊழியனும் இக்கதையில் வீரன். அவனுக்கு வழிபாடும் உண்டு. உண்மைதான். அந்த வீரம் முழுக்க ஆண்டைகளுக்காகச் செலவாகிறது என்பதும் உண்மை. சாம்புகன் தனக்கென்று ஒரு சண்டை போட்டதாகப் பாடினால் கேட்க எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்?

கலைஞர் கருணாநிதி இந்தக் கதையை நாவலாக்கினார். 2011-இல் படமும் வந்தது. எழுத்துக்கும் திரைக்கும் போன பிறகாவது யாராவது இந்தப் பக்கச் சாய்வைத் தொட்டார்களா என்றால், அங்கேயும் அண்ணன்மாரே நாயகர்கள். பெக், ராமசாமி தனியே சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வடிவத்தையும் கூட்டத்தின் முன் பாடிய ஒலிநாடாவையும் ஒப்பிட்டிருக்கிறார். இரண்டும் கைவசம் இருக்கின்றன. கூட்டம் இல்லாத நேரத்தில் பாடகர் எதை விட்டார், எதைக் கூட்டினார் என்று வேட்டுவர் பக்கம் நின்று வரிவரியாகப் பார்க்கும் வேலையை, யுனெஸ்கோவுக்கு மனு எழுதுகிறவர்கள் முதலில் தொடங்கலாம்.