ஆள் எடுத்துத் தருபவர் யாருடைய ஆள்?

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குச் சனிக்கிழமை வருகிற கூட்டத்தில், மகனுக்கோ மகளுக்கோ வேலை அமையவில்லை என்று வருகிற பெற்றோர் எப்போதும் உண்டு. எள் விளக்கு ஏற்றிவிட்டுச் சுரபி ஆற்றுப் பக்கம் உட்கார்ந்தால் படிப்பு, கம்பெனி, கன்சல்டன்சி என்று பேச்சு ஓடும். அவர்களில் பி.ஆர்க். படித்த பிள்ளையைப் பெற்றவர்களின் கவலை சற்று வேறு மாதிரி. நாட்டா நுழைவுத் தேர்வு, ஐந்து வருடப் படிப்பு, மாடல் செய்யவும் பிரிண்ட் எடுக்கவும் கொட்டிய காசு எல்லாம் போக, முதல் சம்பளம் நாலு வருடம் பி.இ. படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை எட்டுவதில்லை. "நல்ல கன்சல்டன்சியாப் பிடிச்சா நல்ல ஆபீஸ்ல சேந்துரலாம்ல" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

யோசனையில் தப்பில்லை. ஆனால் கன்சல்டன்சி என்ற ஒரே பெயரில் இரண்டு தொழில்கள் நடக்கின்றன. ஒன்று நமக்குப் பழக்கமானது: மாடியில் ஒரு மேசை, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், வெல்டர் முதல் நர்ஸ் வரை எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம். மற்றது கட்டடக்கலை, இன்டீரியர் துறைக்கு மட்டும் ஆள் தேடித் தருவது. லண்டன், துபாய், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் வேரூன்றிய தொழில் இது. இந்தியாவில் பெருநகரங்களைத் தாண்டி இன்னும் வரவில்லை. இந்த இரண்டாவது வகையைத்தான் இங்கே எடைபோட வேண்டும். முதல் வகையைப் பற்றிச் சொல்ல, பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு துறைக்கு மட்டும் ஆள் தேடும் துறை ரெக்ரூட்டரின் உண்மையான பலம், வரைபடம் படிக்கத் தெரிவது. பொது வேலைத்தளத்தில் ஆர்க்கிடெக்ட் என்று தேடினால் சாஃப்ட்வேர் கம்பெனி விளம்பரங்கள்தான் வந்து குவியும். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், 'மூன்று வருட அனுபவம், ஆட்டோகேட், ரெவிட் தெரிந்திருக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடும். ஒருவர் அந்த மூன்று வருடமும் த்ரீடி படம் மட்டுமே செய்திருப்பார். இன்னொருவர் ஒரே ஆஸ்பத்திரியின் கழிப்பறை டீடெய்ல்களை வரைந்து வரைந்து திருத்தியிருப்பார். மூன்றாமவர் சைட்டில் நின்று கம்பி கட்டுகிறவரோடு மல்லுக்கட்டியிருப்பார். காகிதத்தில் மூவருக்கும் ஒரே அனுபவம். விஷயம் தெரிந்த ரெக்ரூட்டர் போர்ட்ஃபோலியோவின் பளபளப்பான முன்தோற்றப் படங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு செக்ஷனுக்குப் போவார். மாடிப்படி ஏறுகிறவர் தலையில் மேலே உள்ள பீம் இடிக்குமா, சன்ஷேடின் அடியில் மழைநீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டுவதற்கான சின்னக் காடி காட்டப்பட்டிருக்கிறதா, டைல்ஸ் எந்த மூலையில் தொடங்குகிறது என்று குறித்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, "இதுல நீங்க வரைஞ்சது எந்தத் தாள்?" என்று கேட்பார். பத்துப் பேர் சேர்ந்து செய்த கட்டடத்தைத் தனியொருவர் தன் பெயரில் காட்டுவது சகஜமான இந்தத் தொழிலில், அந்தக் கேள்வி ஒன்றுக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

அலுவலகங்களைப் பற்றியும் அவருக்கு உள்விவரம் தெரியும். சம்பளம் ஐந்தாம் தேதி வருகிறதா இருபதாம் தேதி வருகிறதா, ஜூனியரை சைட்டுக்கு அனுப்புவார்களா, போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இராது. இருக்கிற வேலையை விடாமல், முதலாளி காதுக்கு எட்டாமல் இன்னொன்று தேட நினைக்கிற ஆறேழு வருட அனுபவக்காரருக்கு இவரைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

இனி காசுக் கணக்கு. ஆள் எடுக்கும் அலுவலகம்தான் ரெக்ரூட்டருக்குப் பணம் கொடுக்கிறது. இந்தியாவில் பரவலாகப் புழங்கும் விகிதம் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வருடம் 18 லட்சம் வாங்கப்போகிற ஒருவரைச் சேர்த்துவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் கிடைக்கும். 3 லட்சம் வாங்கப்போகிற புதியவரைச் சேர்த்தால் 25 ஆயிரம். போன், நேர்முகம், போர்ட்ஃபோலியோ பார்ப்பது என்று உழைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் யாருக்காக ஓடுவார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அலுவலகத்துக்கும் புதியவருக்காகக் கூலி கொடுக்க வேண்டிய அவசியமில்லை. மெயிலில் போர்ட்ஃபோலியோக்கள் தாமாகவே வந்து விழுகின்றன.

குச்சனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஏற்பாட்டை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். விடியும் முன்னே கம்பம், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் இன்றும் மலையேறுகின்றன. தோட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒருவர் இருக்கிறார். அதற்கும் முன்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிக்கு, தன் ஆட்களில் அன்று வேலைக்கு வந்தவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் காசு கொடுத்தது. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அடுத்த தோட்டத்துக்கு மாற்றிவிடும் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. ரெக்ரூட்டரைக் கங்காணி என்று வைவது என் நோக்கமில்லை. வேலை தேடுகிறவர் தலையில் கடன் ஏற்றாத தொழில் அவருடையது. அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் காசு வரும் திசை மாறவில்லை. சம்பளம் கூடினால் அவர் கூலியும் கூடுகிறதே, நம் பக்கம்தானே நிற்பார் என்று வாதாடலாம். மாதம் ஐயாயிரம் கூட்டிக் கேட்டால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பதும் ஐயாயிரம்தான், அதுவும் ஒரே ஒரு தடவை. பேரம் முறிந்தால் மொத்தக் கூலியும் போய்விடும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் "இப்ப சேந்துருங்க, ஆறு மாசத்துல ஏத்திக் கேக்கலாம்" என்ற குரல் வருகிறது.

இடைத்தரகர் வேலை தேடுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது உலகம் மெதுவாக வந்தடைந்த முடிவு. பிரிட்டனில் 1973-ன் வேலைவாய்ப்பு முகமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சிங்கப்பூரில் ஊழியரிடமும் வாங்கலாம். ஆனால் ஒப்பந்த வருடம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம் என்று வரம்பு உண்டு. இந்தியாவில் 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்ற வரம்பும் இருக்கிறது. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது.

இதில் ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. பத்தாம் வகுப்புத் தேறாமல் வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரின் ஒப்பந்தத்தை ஓர் அரசு அதிகாரியாவது பார்க்கிறார், பி.ஆர்க். பட்டதாரியின் ஒப்பந்தத்தை எவரும் பார்ப்பதில்லை. ஆர்க்கிடெக்ட் என்று பேசி, விசாவில் டிராஃப்ட்ஸ்மேன் என்று அடித்து வந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டியவர் அவரேதான்.

ஆக, துறை ரெக்ரூட்டர் சில வருட அனுபவம் உள்ளவருக்கு நல்லவர், புதியவருக்குக் கிட்டத்தட்ட இல்லாதவர். வேலை தேடும் வழி யாருக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அவருக்கு உதவ இந்த ஏற்பாட்டில் ஆளில்லை என்பதுதான் இதன் பெரிய ஓட்டை. புதியவரின் உண்மையான தரகர்கள் சீனியர்கள். ஆரோவில்லில் மண் கட்டுமானம் பழகிய அண்ணனோ, சென்னை அலுவலகத்தில் இருக்கும் அக்காவோ "அங்க போ, வேலை கத்துக்கலாம், ஆனா ராத்திரி பத்து மணியாகும்" என்று சொல்வதில் கமிஷன் இல்லை. ஆனால் அந்த அண்ணனும் அக்காவும் எல்லாக் கல்லூரியிலும் இருப்பதில்லை. சென்னையில் பழைய கல்லூரிகளில் படித்தவருக்குத் தலைமுறைத் தொடர்பு கிடைக்கும். நேற்றுத் தொடங்கிய கல்லூரியில் படித்த குச்சனூர்ப் பிள்ளைக்கு அது கிடையாது. ஜூனியர்களின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளைக் கல்லூரிகளே சம்பளம் கொடுத்து வைத்தால் பாதிக் குறை தீரும்.

ஊரிலேயே இருக்க நினைப்பவர் கதை வேறு. தேனி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் பிளான் போட முதலில் போவது சிவில் இன்ஜினியரிடம். சட்டமும் அதைத் தடுக்கவில்லை: 1972-ன் ஆர்க்கிடெக்ட் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான் காக்கிறது, வடிவமைக்கும் வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்த்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. அனுமதி வாங்க அலைவதுதான் பிளான் போடுகிறவரின் முக்கிய வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த அலைச்சலும் குறைந்தது. மிஞ்சுவது வெயிலுக்கும் மழைக்கும் குடும்பத்துக்கும் பொருந்துகிற வடிவமைப்பு. அதற்குக் கொடுக்கும் காசை இங்கே தனியாகக் கணக்கிடும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பெங்களூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தேனிக்குத் திரும்ப நினைக்கிறவர் ரெக்ரூட்டரைக் கேட்டால், "அங்க ஒண்ணும் இல்ல, கோயம்புத்தூர் பாக்கலாமா?" என்பார். அவருடைய பட்டியலில் தேனி வேலை எதுவும் இல்லை என்பது நிஜம். சின்னமனூரிலோ தேனியிலோ ஓர் இன்ஜினியர் ஆபீசுக்கு டிசைன் தெரிந்த ஆள் தேவைப்பட்டால், சிமெண்ட் கடைக்காரரிடமோ மதுரையில் தெரிந்த கல்லூரி ஆசிரியரிடமோ சொல்லி வைப்பார்கள். 8.33 சதவீதம் என்று ஒன்று இருப்பதே அந்த ஆபீசுக்குத் தெரியாது. திரும்பி வருகிறவர் அந்தச் சிமெண்ட் கடையிலிருந்துதான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.