புதுத் திறனாய்வு முதல் பொருள்கோள் சமூகம் வரை: அமெரிக்கத் திறனாய்வு வளர்ச்சியும் குறுந்தொகை வாசிப்பும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த இலக்கியத் திறனாய்வு, தமிழ்க் கல்வியுலகில் பெரும்பாலும் கலைச்சொற்களின் பட்டியலாகவே பயிலப்படுகிறது. புதுத் திறனாய்வு, கட்டுடைப்பு, புது வரலாற்றியம் என்னும் பெயர்களும் அவற்றுக்குரிய வரையறைகளும் தேர்வுக்கு உதவுகின்றன. ஒரு பாடலை வாசிக்க உதவுவது அரிதாகவே உள்ளது. கோட்பாடுகள் தோன்றிய கல்விச் சூழலை விடுத்து, முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டதே இதற்குக் காரணம் எனலாம். அச்சூழலை மீட்டு நோக்கி, குறுந்தொகையின் 40ஆம் பாடலைச் சான்றாகக் கொண்டு, பெங்களூரின் நீலசந்திரா போன்ற பகுதியிலிருந்து வரும் மாணவர்க்கு இக்கோட்பாடுகள் எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகுப்பறையில் பிறந்த முறை

இங்கிலாந்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துப் பாடல்களை மாணவர்க்கு அளித்துப் பெற்ற விளக்கங்களை 1929இல் நூலாக்கினார். அமெரிக்காவில் இவ்வணுகுமுறை பாடத்திட்டமாகவே மலர்ந்தது. கிளியந்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் ஆகிய இருவரும் 1938இல் வெளியிட்ட கவிதைப் பாடநூல் அதற்கு அடித்தளமிட்டது. ஜான் குரோ ரான்சம் 1941இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'புதுத் திறனாய்வு' என்னும் பெயர் நிலைபெறக் காரணமாயிற்று. விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் ஆசிரியரின் நோக்கத்தையும், 1949இல் வாசகரின் உணர்ச்சி விளைவையும் பாடலை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்வது பிழை என வாதிட்டனர்.

இம்முறை விரைந்து பரவியதற்குச் சமூகக் காரணமும் உண்டு. 1944இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி, போரிலிருந்து மீண்ட வீரர்களின் கல்விச் செலவை அமெரிக்க அரசு ஏற்றது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிகளில் சேர்ந்தனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். செவ்வியல் மொழிப் பயிற்சியோ நூலகம் நிறைந்த இல்லமோ இல்லாத அவர்களுக்கு, அச்சிட்ட ஒரு பக்கமும் கூர்ந்த கவனமும் போதும் என்று கூறிய முறை உதவியாயிற்று. வரலாற்றைப் புறக்கணித்தது எனப் பின்னர்க் குறை கூறப்பட்ட அம்முறை, தன் காலத்தில் கற்பார்க்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது என்பதும் கருதத்தக்கது.

தமிழில் இம்முறை வகுப்பறைக்கு வெளியே வேரூன்றியது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில், க. நா. சுப்ரமண்யத்தின் ரசனைமுறையிலிருந்து வேறுபட்ட அலசல் விமர்சனத்தை வற்புறுத்தினார். இதழ் 1970இல் நின்றது. சிற்றிதழ் வாசகர் சிலருக்குக் கிட்டிய இப்பயிற்சி, இலக்கிய வரலாற்றையும் உரைவிளக்கத்தையும் மையமாகக் கொண்ட பெரும்பான்மைத் தமிழ் வகுப்புகளுக்கு உரிய அளவில் சென்று சேரவில்லை.

பாடலின் சான்று

குறுந்தொகை 40ஆம் பாடல் ஐந்தடிகளால் ஆனது. முதல் மூன்று அடிகளும் வினாக்கள். தாயர் இருவரிடையே உள்ள உறவு, தந்தையர் இருவரிடையே உள்ள உறவு, காதலர் இருவரிடையே நேர்ந்த அறிமுகம் என அவை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுகி வருகின்றன. இறுதி ஈரடிகள் அவற்றுக்கு நேர்விடை தாராமல், செம்மண்ணிற் பெய்த மழைநீரை உவமையாக்குகின்றன. இருவருள் நிலம் யார், நீர் யார் என்று பாடல் பிரித்துரைக்கவில்லை. நீர் நிறம் மாறுகிறது. நிலம் இறுக்கம் நெகிழ்கிறது. மாற்றம் இருபாலும் நிகழ்கிறது. புதுத் திறனாய்வு போற்றிய செறிவும் பன்முகப் பொருளும் இங்கு நிறைந்துள்ளன.

ஆசிரியரின் நோக்கத்தை நாட வேண்டா என்னும் கொள்கையை இப்பாடலில் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கவிஞரின் இயற்பெயர் கிட்டாமையால், பாடலின் தொடரே அவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயராயிற்று. பாடல் ஆசிரியரைப் பெற்றெடுத்துள்ளது. அவ்வாறே, கவிதையில் பேசுபவரைக் கவிஞரினின்று பிரித்துக் காண வேண்டும் என்னும் கொள்கையும் தமிழில் 'கூற்று' என்னும் பெயரால் முன்னரே இலக்கணமாக்கப்பட்டது.

பாடலுக்கு வெளியே

அமெரிக்கத் திறனாய்வு அங்கேயே நிற்கவில்லை. 1966இல் பால்டிமோரில் நிகழ்ந்த கருத்தரங்கில் அமைப்பியலை அறிமுகப்படுத்த முனைந்தபோதே, டெரிடாவின் உரை அதன் அடித்தளத்தை வினவியது. ஸ்டான்லி ஃபிஷ் 1980இல் வெளியிட்ட நூலில், பொருளை உருவாக்குவது பனுவலோ தனிவாசகரோ அல்ல, வாசிப்பு மரபைப் பகிர்ந்துகொள்ளும் சமூகமே என்றார். அதனைப் 'பொருள்கோள் சமூகம்' எனத் தமிழில் குறிக்கலாம்.

குறுந்தொகைப் பாடலின் துறைக்குறிப்பு இதற்குச் சிறந்த சான்றாகும். இயற்கைப் புணர்ச்சிக்குப் பின் தலைவன் பிரிந்துவிடுவானோ எனத் தலைவி அஞ்ச, அவள் குறிப்பறிந்து அவன் கூறியது என அக்குறிப்பு அமைகிறது. குறிப்பின்றி வாசித்தால் பாடல் ஒரு வியப்பு. குறிப்போடு வாசித்தால் ஒரு தேற்றுரை. ஐந்தடிகளில் ஓரெழுத்தும் மாறவில்லை, பொருள் மாறிவிடுகிறது. துறை வகுத்தோர் ஒரு பொருள்கோள் சமூகத்தினர். அவர்கள் வாசிப்பு மதிப்புடையது. ஆயினும் இறுதியானது அன்று.

மைசூரில் பிறந்த ஏ. கே. ராமானுசன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து, திணைமரபை ஒரு கவிதையியலாக விளக்கினார். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு, மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் வாய்மொழிப் பாடற்கோட்பாட்டைச் சங்க இலக்கியத்தில் பொருத்திப் பார்த்தது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றிய தமிழவன் 1982இல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூலைத் தந்தார். தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத நகரிலிருந்து இந்நூல் எழுந்தமை நோக்கத்தக்கது. மொழியை இயல்பானதாகக் கொள்ளாமல் ஓர் அமைப்பாகக் காணும் பார்வைக்குப் பன்மொழிச் சூழல் இடமளிக்கிறது எனக் கருதலாம்.

நீலசந்திராவின் வாசகர்

ஆஸ்டின் டவுன், விவேக்நகர்ப் பகுதிகளை அடுத்துள்ள நீலசந்திராவில் தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயின்று, கல்லூரியில் தமிழை விருப்பப்பாடமாகக் கொள்ளும் மாணவர்க்கு உரைமரபுப் பயிற்சி முன்கூட்டி வாய்ப்பதில்லை. அவர் 1944க்குப் பின் அமெரிக்கக் கல்லூரியில் நுழைந்த முதல் தலைமுறை மாணவரை ஒத்தவர். சொல்லையும் தொடரையும் கூர்ந்து நோக்கும் முறையே அவருக்கு உரிய நுழைவாயில்.

எனினும் அவர் வெறுங்கையோடு வருவதில்லை. உன் தந்தையும் என் தந்தையும் எம்முறை உறவினர் என்னும் வினா, வெவ்வேறு மாவட்டத்தாரும் மொழியினரும் சாதியினரும் அடுத்தடுத்து வாழும் நகர்ப்பகுதியில் கவிதை வினாவாக மட்டும் நிற்பதில்லை. திருமணப் பேச்சில் எழும் முதல் வினாவும் அதுவே. அவ்வினாவை எழுப்பிவிட்டு, விடையைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லும் பாடலின் துணிவை அம்மாணவர் எளிதில் உணரக்கூடும். துறைக்குறிப்பை மட்டும் ஒப்பிக்கச் சொல்லும் தேர்வு இவ்வுணர்வுக்கு இடம் தருவதில்லை.

ஆயின் எப்பொருளும் பொருந்தும் என்பது இதன் முடிபன்று. எந்த விளக்கமும் பாடலின் சொற்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். நிலத்தைத் தலைவியாகவும் நீரைத் தலைவனாகவும் உறுதிப்படுத்துவோர்க்கு அடிகளில் சான்றில்லை என்று மறுக்கும் உரிமையைக் கூர்ந்த வாசிப்பே வழங்குகிறது.

முடிவுரை

அமெரிக்கத் திறனாய்வின் வரலாறு ஒரு கோட்பாடு மற்றொன்றை வீழ்த்திய வரலாறாகவே கற்பிக்கப்படுகிறது. தமிழ் வகுப்பறை அதனைப் படிநிலைகளாகக் கொள்ளுதல் நலம். முதல் வாசிப்பில் துறைக்குறிப்பை மறைத்துப் பாடலை மட்டும் அளிக்கலாம். இரண்டாவதில் துறையையும் உரையையும் சேர்த்து, பொருள் எவ்வாறு மாறுகிறது என வினவலாம். மூன்றாவதில் மாணவர் தம் வாழ்சூழலிலிருந்து எழுப்பும் பொருளை, பாடலடிகளைச் சான்றாக்கி எழுதச் செய்யலாம். இதற்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. வினாத்தாளில் முன்பயிலாத பாடல் ஒன்று இடம்பெற்றால் போதும். கோட்பாட்டின் பெயரறிந்த மாணவரைவிட, பாடலொன்றைத் தாமே வாசித்துத் தம் பொருளுக்குச் சான்று காட்ட வல்ல மாணவரே தமிழாய்வுக்குத் தேவைப்படுகிறார்.