துப்பட்டியும் தகல்லுஃபும்

'தகல்லுஃப்' எனும் அரபுச் சொல்லை நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் 'ஆடம்பரம்' என்றே பெயர்க்கின்றனர். இது பாதிப் பொருளே. தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்ட வலிந்து முயல்வது யாவும் தகல்லுஃப் ஆகும். அத்தகையோரில் தாம் ஒருவரல்லர் என அறிவிக்குமாறு ஸாத் அத்தியாயத்தின் 86ஆம் வசனம் நபி (ஸல்) அவர்களைப் பணிக்கிறது. தகல்லுஃப் தங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்ததாக உமர் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

இவ்விளக்கத்தை மனத்திற்கொண்டு புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் நிகழ்ந்துள்ள உடை மாற்றத்தை நோக்குவோம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் முதலிய ஊர்களில் நம் பாட்டிமார் வெளியே செல்கையில் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தினர். தையலற்ற எளிய துணி அது. வசதி படைத்த வீட்டுத் துப்பட்டியின் நூல் சற்று மென்மையாக இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வேறுபாடு வெண்மைக்குள் அடங்கிப் போயிற்று. வளைகுடாப் பயணங்கள் பெருகிய பின் அதன் இடத்தைக் கறுப்பு அபாயா பெற்றது. கையால் பற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பது அதன் நன்மை, மறுப்பதற்கில்லை.

நம் விமர்சனம் நிறத்தைப் பற்றியதன்று. மறைக்க வேண்டிய அளவை விதித்த ஷரீஅத், நிறத்தை விதிக்கவில்லை. கண்டனத்திற்குரியவை இரண்டு. ஒன்று, அலங்காரத்தை மறைக்க வந்த மேலாடையின் மீதே கல்லும் சரிகையும் பதித்து அதனைக் காட்சிப் பொருளாக்குவது. மற்றொன்று, துப்பட்டியை விடாத முதிய பெண்களை மார்க்கம் அறியாதவர்கள் என இகழ்வது. பின்னதே கொடியது. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என வினவப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்று விடையளித்த நபி (ஸல்) அவர்கள், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என விளக்கினார்கள். முஸ்லிமில் காணப்படும் இந்த ஹதீஸின்படி, சரிகை ஆடையைவிடப் பெருமைக்கு நெருக்கமானது எளிய ஆடைக்குள்ளிருந்து எழும் இகழ்ச்சியே.

ஆம், எளிமையும் வேடமாகலாம். ஹிஜ்ரி 161இல் மறைந்த ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்), பிறர் வியந்து நோக்கும் உயர்ந்த ஆடை, பிறர் இழிவாக நோக்கும் தாழ்ந்த ஆடை ஆகிய இரண்டையும் முன்னோர் வெறுத்தனர் என்றார். ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), 'தல்பீஸு இப்லீஸ்' நூலில், ஒட்டுப்போட்ட ஆடையையே தம் அடையாளமாக்கிக்கொண்ட சூஃபிகளைச் சாடினார்.

இவ்வளவுகோல் ஆலிம்களாகிய நமக்கும் பொருந்தும். ஜுப்பாவும் தலைப்பாகையும் அணிவதில் தீங்கில்லை. ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த மக்களிடையே தேவையின்றி அரபுச் சொற்களைக் கொட்டுவதும், மிம்பரில் ஏறியதும் குரலை மாற்றிக்கொள்வதும் தகல்லுஃப் அன்றோ? லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறிய அறிவுரையில் நடையின் நடுநிலையும் குரலின் தாழ்வும் சேர்ந்தே வருகின்றன.

துப்பட்டிக்கு மீளுங்கள் என நாம் கோரவில்லை. பெண்களுக்கான பயான்களில் இனியேனும் நிறத்தையும் நாட்டையும் விடுத்து, 'இவ்வுடை யாருக்காக?' எனும் வினாவை முன்வைப்போம். அவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.